கேள்விகள் எல்லை தாண்டும் இடம்: மூன்று நாடுகளில் இருந்து ஒரே மென்பொருளைக் கட்டிய அனுபவம்

ஏழு வருடங்கள் நான் வேலை பார்த்த மென்பொருள் மூன்று நாடுகளில் உருவானது. இங்கே அந்தக் குழுக்களைக் கிழக்கு, நடு, மேற்கு என்றே சொல்கிறேன். நான் இருந்தது கிழக்கில். நடுக் குழு எங்களுக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருந்தது, மேற்குக் குழு பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். சந்தா கட்டும் வாடிக்கையாளர்களை நிர்வகித்து, மாதாமாதம் பில் போட்டுப் பணம் பிடிக்கும் மென்பொருள் அது.

ஆரம்பத்தில் வேலையைப் பிரித்திருந்த விதத்தில் யாருக்கும் குறை தெரியவில்லை. வாடிக்கையாளர்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் என்ன வேண்டும் என்று எழுதுவது மேற்கின் பொறுப்பு. கோட் (நிரல்) எழுதுவது நடு. டெஸ்ட் செய்வதும், ரிலீஸுக்குப் பிறகு வரும் பக்குகளை, அதாவது பிழைகளை, கவனிப்பதும் கிழக்கு. ஒவ்வொருவருக்கும் அவரவர் திறமைக்கேற்ற வேலை. ஒரு குழு தூங்கப் போகும்போது அடுத்த குழு எழுந்துவிடும், அதனால் வேலை 24 மணி நேரமும் நகரும் என்று திட்டப் படத்தில் போட்டிருந்தார்கள். நானும் அதை முழுதாக நம்பினேன்.

ஒவ்வொரு பிழையையும் ஒரு டிக்கெட்டாகப் பதிவு செய்து, அதைப் பற்றிய பேச்சையும் அதிலேயே எழுதுவோம். அப்படி ஒரு டிக்கெட்டின் கதையைச் சொன்னால் என்ன நடந்தது என்று புரியும்.

திங்கள் காலை 11 மணி. எங்கள் டெஸ்டர் ஒருவர் கவனிக்கிறார்: சந்தா 30-ம் தேதி முடிகிறது என்று திரையில் இருக்கிறது, ஆனால் 29-ம் தேதி நள்ளிரவு தாண்டியதுமே வாடிக்கையாளரால் உள்ளே போக முடியவில்லை. 30-ம் தேதி கணக்கில் சேருமா, சேராதா? மதியம் நடுக் குழு வேலைக்கு வந்ததும் கேட்டார். 'ஸ்பெக்கில் முடியும் நாள் என்று மட்டும்தான் இருக்கிறது, மேற்கைக் கேளுங்கள்' என்று பதில் வந்தது. ஸ்பெக் என்பது என்ன வேண்டும் என்று மேற்கு எழுதிக் கொடுக்கும் விவரம். மேற்குக்கு எழுதினார். செவ்வாய் காலை பதில்: '30 சேரும்.' உடனே நடுக் குழுவுக்கு அடுத்த சந்தேகம். அடுத்த பில் சுழற்சியும் 30-ம் தேதிதானே தொடங்குகிறது, அப்படியானால் ஒரு நாள் இரண்டு பில்லிலும் வருமே? புதன் காலை மேற்கிலிருந்து வந்தது பதில் இல்லை, இன்னொரு கேள்வி: 'எந்த வாடிக்கையாளருக்கு? ஒரு உதாரணம் அனுப்புங்கள்.' அனுப்பினோம். வியாழன் காலை சுழற்சி 31-ல் தொடங்கட்டும் என்று முடிவானது. எந்த நாட்டு நேரப்படி என்று நடுக் குழு கேட்டது. வெள்ளி காலை பதில் வந்தது: வாடிக்கையாளர் இருக்கும் இடத்து நேரப்படி. அன்றைக்கு நடுக் குழுவுக்கு அரசு விடுமுறை. அடுத்த திங்கள் ஒரு டெவலப்பர் உட்கார்ந்து 40 நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். செவ்வாய் டெஸ்ட் செய்து மூடினோம்.

40 நிமிட வேலைக்கு 9 நாள் ஆனது. இத்தனைக்கும் இதில் யாரும் சோம்பலாக இருக்கவில்லை. கேட்ட அன்றே எல்லோரும் பதில் சொன்னார்கள், மரியாதையாகவும் தெளிவாகவும்தான் சொன்னார்கள். மூன்று பேர் ஒரே அறையில் இருந்திருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும்.

ஜேம்ஸ் ஹெர்ப்ஸ்லெப், ஆட்ரிஸ் மோக்கஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றைப் பிற்பாடு படித்தேன். பல இடங்களில் இருப்பவர்கள் சேர்ந்து செய்த மாற்றங்களுக்கு, ஒரே இடத்தில் முடிந்த அதே மாதிரி மாற்றங்களைவிட இரண்டரை மடங்கு காலம் பிடித்ததாக அதில் காட்டியிருந்தார்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதற்கு அவர்கள் சொன்ன விளக்கம்: இடம் பிரிந்திருந்தால் ஒரே அளவு மாற்றத்துக்கு அதிகம் பேர் தேவைப்படுகிறார்கள், ஆள் கூடக் கூடத் தாமதமும் கூடுகிறது. எங்கள் டிக்கெட்டும் அப்படித்தானே, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கை மாறியது.

தாமதத்தைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. அந்த டெஸ்டர் ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னார்: 'இந்த பக் எதனால வருதுன்னு எனக்குத் தெரியும். சரி பண்ணவும் தெரியும். தொடத்தான் உரிமை இல்ல.' பத்து வருட அனுபவம் உள்ளவர். எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்ததெல்லாம் மற்றவர்கள் முடித்த வேலையின் மிச்சம்தான். இப்படிப் பிரித்தால் முதலில் கிளம்புவது நல்ல ஆட்கள்தான், எங்களிடமும் அதுதான் நடந்தது. ஒரே வருடத்தில் மூன்று பேரை இழந்தோம்.

அதற்குப் பிறகு நடுக் குழுவின் தலைவரும் நானும் ஒரு காரியம் செய்தோம். இன்றைக்கு யார் கேட்டாலும் முதலில் இதைச் செய்யச் சொல்வேன். கடைசி மூன்று மாத டிக்கெட்டுகளை எடுத்து ஒவ்வொன்றின் உரையாடலையும் படித்தோம். எந்த டிக்கெட்டில் கேள்வி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனது, எந்த விஷயத்துக்காகப் போனது என்று குறித்துக்கொண்டோம். மென்பொருளின் பகுதிகளைப் பலகையில் பெட்டிகளாக வரைந்து, எல்லை தாண்டிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு போட்டோம். கூடவே கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியின் வரலாற்றையும் பார்த்து, எந்தெந்தக் கோப்புகள் எப்போதும் சேர்ந்தே மாறுகின்றன என்று பட்டியல் எடுத்தோம். இரண்டு பேருக்கு நான்கு நாள் வேலை. முடிவில் பலகையில் இரண்டு இடங்கள் கோடுகளால் கறுத்துப்போயிருந்தன. ஒன்று, சந்தா தேதிக்கும் பில் சுழற்சிக்கும் நடுவில். மற்றது, பணம் திருப்பித் தருவதற்கும் வரிக் கணக்குக்கும் நடுவில். அறிவிப்பு மின்னஞ்சல் அனுப்பும் பகுதிக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் கோடே இல்லை என்று சொல்லலாம்.

கோடு அடர்ந்த இடத்தில் நாட்டு எல்லை வரக் கூடாது, கோடு மெலிந்த இடத்தில் தாராளமாக வரலாம். நான் கற்றுக்கொண்டது அடிப்படையில் இதுதான். வேலை எவ்வளவு என்பதை வைத்தோ, எந்தக் கட்டம் என்பதை வைத்தோ, யாருக்கு என்ன தெரியும் என்பதை வைத்தோ பிரித்தால் மாட்டிக்கொள்வோம். எவ்வளவு பேச வேண்டியிருக்கும் என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஒரு மென்பொருளின் அமைப்பு, அதைக் கட்டும் நிறுவனத்தில் யார் யாரோடு பேசுகிறார்களோ அந்த அமைப்பைப் போலவே வரும் என்று மெல்வின் கான்வே 1968-லேயே எழுதிவிட்டார். டேவிட் பார்னஸ் 1972-ல் எழுதிய கட்டுரை எனக்கு இன்னும் பயன்பட்டது. முதலில் இது, அடுத்து அது என்று செயல்களின் வரிசைப்படி மென்பொருளைத் துண்டு போடாதீர்கள், பிற்காலத்தில் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் ஒளித்து வையுங்கள் என்பது அவர் வாதம். அவர் பேசியது கோட் பற்றி. ஆனால் என்ன வேண்டும் என்று எழுதுவது ஒருவர், கோட் செய்வது ஒருவர், டெஸ்ட் செய்வது ஒருவர் என்று நாங்கள் மனிதர்களைப் பிரித்திருந்ததும் செயல் வரிசைப்படி போட்ட துண்டுதான். 'முடியும் நாள்' என்ற ஒரே முடிவு மூன்று நாடுகளில் சிதறிக் கிடந்தது.

சரி, மாற்றினோம். சந்தாவும் பில் சுழற்சியும் முழுதாகக் கிழக்குக்கு. பணம் பிடிப்பது, திருப்பித் தருவது, வரி எல்லாம் நடுவுக்கு. அறிவிப்புகளும் வாடிக்கையாளர் பக்கத் திரைகளும் மேற்குக்கு. முழுதாக என்றால் என்ன வேண்டும் என்று தீர்மானிப்பது முதல் ரிலீஸுக்குப் பின் கவனிப்பது வரை. இதில் கடினமான பகுதி கோட் நகர்த்துவது இல்லை, அது இரண்டு மாதத்தில் முடிந்தது. முடிவெடுக்கும் அதிகாரத்தை நகர்த்தத்தான் ஆறு மாதம் பிடித்தது. வாடிக்கையாளரைத் தெரியாதவர்கள் தவறாக முடிவெடுத்துவிடுவார்களோ என்ற பயம் மேற்குக்கு இருந்தது, அது நியாயமான பயம். அதனால் வாடிக்கையாளர் அழைப்புகளில் வாரத்துக்கு ஒன்றிலாவது எங்கள் ஆள் ஒருவர் உட்கார வேண்டும் என்று வைத்தோம். நேரம் ஒத்துவராதபோது பதிவைக் கேட்டோம். மூன்று மாதத்தில் எங்கள் ஆட்கள் கேட்கும் கேள்விகளின் தரமே மாறிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் மேற்குக் குழு கையை எடுத்தது. பொறுப்பைக் கொடுத்துவிட்டு முடிவை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு தூரத்தில் செல்லவே செல்லாது. முடிவெடுக்க வேண்டியவர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்.

பகுதிகளைப் பிரித்தாலும் அவை ஒன்றோடொன்று பேசித்தானே ஆக வேண்டும். அந்தப் பேச்சுக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டோம். ஒரு பகுதி இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வழியான ஏபிஐயின் விவரத்தில் புலத்தின் (ஒவ்வொரு தகவலின்) பெயரும் வகையும் இருந்தால் போதாது என்பதை அடிபட்டே தெரிந்துகொண்டோம். தொகை எந்த அலகில்? தேதி எந்த நேர மண்டலத்தில்? மதிப்பு காலியாக வந்தால் என்ன அர்த்தம்? ஒரே கோரிக்கை தவறுதலாக இரண்டு முறை வந்தால் இரண்டாம் முறையும் பணம் பிடிக்குமா? இவை ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாய்க் கிரகத்தை அடையும் நேரத்தில் தொலைந்துபோனதற்கு இதே வகைப் பிழைதான் காரணம். ஒரு குழுவின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது, அதை வாங்கிய குழு நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது.

எழுதி வைத்த ஒப்பந்தத்தையும் காலப்போக்கில் யாரும் படிப்பதில்லை. அதனால் எங்கள் எதிர்பார்ப்புகளை டெஸ்டுகளாக எழுதி, நடுக் குழுவின் கோட் தானாகத் தொகுக்கப்பட்டுச் சோதிக்கப்படும் பில்டிலேயே ஓட வைத்தோம். அவர்கள் புதிய கோட் மாற்றத்தை மெர்ஜ் செய்யப் போகும்போது, அதாவது பொதுக் கோடோடு சேர்க்கப் போகும்போது, எங்களுக்குப் பாதிப்பு வருமென்றால் அங்கேயே சிவப்பாகக் காட்டும், எங்களுக்கு அப்போது நடு இரவாக இருந்தாலும். புலத்தின் பெயரை மாற்ற வேண்டுமென்றால் நேரடியாக மாற்றுவதில்லை. புதியதைச் சேர்த்து, எல்லோரும் அதற்கு மாறும் வரை பழையதையும் வைத்திருந்து, அப்புறம் நீக்குவோம். இதனால் ஒரே நாளில் எல்லோரும் சேர்ந்து ரிலீஸ் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. மூன்று நாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய விடுதலை.

தரவுத்தளத்தில் மட்டும் ஏமாந்தோம். கோட் முழுவதையும் பிரித்துவிட்டு டேபிள்களை (தரவு அட்டவணைகளை) மட்டும் பொதுவில் விட்டிருந்தோம். ஒரு டேபிளில் இருந்த நெடுவரிசை (column) ஒன்றின் பெயரை நடுக் குழு மாற்றியதும் எங்கள் இரவு நேர பில் வேலை மொத்தமாக நின்றுபோனது. அதன் பிறகு ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரே ஒரு குழுதான் சொந்தம், மற்றவர்கள் ஏபிஐ வழியாகத்தான் கேட்க வேண்டும் என்றானது. பல பகுதிகளும் பயன்படுத்தும் பொது கோட் தொகுப்புகளான லைப்ரரிகளுக்கும் இதே விதி. 'எல்லோருக்கும் பொது' என்று இருந்தவற்றை யாருமே பார்த்துக்கொள்ளவில்லை.

24 மணி நேரமும் வேலை நகரும் என்ற அந்தத் திட்டத்தை நாங்கள் முழுதாகக் கைவிடவில்லை. கோட் எழுதுவதற்கு அது ஒத்துவரவே இல்லை. பாதி எழுதிய கோடில் முக்கியமான பாதி இன்னும் எழுதியவர் தலைக்குள்தான் இருக்கும், அதை மாலையில் இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சேவை படுத்துவிட்டால் கவனிக்கும் வேலைக்கு இது அருமையாகப் பொருந்தியது. யாரும் இரவு 2 மணிக்கு எழ வேண்டியதில்லை. எங்கள் கைமாற்றுக் குறிப்பு ஒன்று இப்படி இருக்கும்: 'தரவுத்தள இணைப்புகள் நிரம்பி வழிகின்றன. 14:10 யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) தொடங்கியது. கடைசி ரிலீஸைப் பின்வாங்கியும் குறையவில்லை, ஆகவே அது காரணமில்லை. ரீட்ரை வேலைகள் (தோற்றதை மறுபடி முயல்பவை) மேல் சந்தேகம், உறுதி இல்லை. அடுத்து அதை நிறுத்திப் பாருங்கள். வாடிக்கையாளர் பக்கம் இதுவரை பில் தாமதம் மட்டும்.' எதைச் செய்து பார்த்து எது இல்லை என்று ஆனது, அதுதான் இதில் விலைமதிப்பற்ற வரி. அது இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அதே ஒரு மணி நேரத்தை மறுபடியும் செலவழிப்பார்.

கேள்வி கேட்கும் முறையையும் மாற்றிக்கொண்டோம். 'இதை எப்படிச் செய்யலாம்?' என்று அனுப்பினால் ஒரு நாள் போய்விடும். இப்போது எழுதுவது இப்படி: 'இரண்டு வழி இருக்கிறது. முதலாவதில் பழைய தரவை மாற்ற வேண்டும், இரண்டாவதில் வேண்டாம், ஆனால் அறிக்கை மெதுவாகும். எனக்கு இரண்டாவது சரி என்று படுகிறது. நாளை காலைக்குள் மறுப்பு வராவிட்டால் அதையே தொடங்குகிறேன், வெள்ளி வரை திரும்பிவிடலாம்.' பெரும்பாலும் வரும் பதில் ஒரே சொல்: சரி. கோட் ரிவியூவிலும் அப்படித்தான். ஒரு பகுதியின் உள் விஷயங்களை அந்த நாட்டிலேயே இருக்கும் இன்னொருவர் பார்ப்பார். ஒப்பந்தத்தைத் தொடும் மாற்றம் மட்டும் எல்லை தாண்டும். இதற்கு ஒவ்வொரு பகுதியும் அறிந்தவர் ஒரே இடத்தில் குறைந்தது இரண்டு பேராவது வேண்டும். ஒரு நாட்டில் ஒரே ஒருவரை விட்டுவைக்காதீர்கள். எங்களிடம் அப்படி ஒருவர் எட்டு மாதம் இருந்தார். பேச ஆளில்லாமல் அவர் பட்ட பாட்டை நாங்கள் காலம் கடந்துதான் உணர்ந்தோம்.

கூட்ட நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், சின்ன விஷயம்போல் இருந்து வருடா வருடம் கடிக்கும். அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் கோடை நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. நடுவில் உள்ள அந்த வாரங்களில் இரு பக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மணி நேரம் குறைந்துவிடும். கடிகாரத்தை மாற்றவே மாற்றாத நாட்டில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக நகரும். வார விடுமுறைகூட ஒன்றல்ல, எகிப்திலும் சவூதி அரேபியாவிலும் வெள்ளி, சனிதான். எங்கள் ஏற்பாடு எளிமையானது: ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ஊரின் நேரம்தான் ஆதாரம், அது எது என்று அழைப்பிலேயே இருக்கும். இரவு நேரச் சிரமம் காலாண்டுக்கு ஒரு குழு என்று சுற்றி வரும். முன்பு எப்போதும் நாங்கள்தான் இரவு 9 மணிக்கு உட்கார்ந்தோம். மேற்குக் குழு தன் முறை வந்து அதே நேரத்தில் உட்கார்ந்த பிறகு, அவர்களே முன்வந்து இரண்டு கூட்டங்களை எழுத்துக் குறிப்பாக மாற்றிவிட்டார்கள்.

தூரம் என்றாலே தரம் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு: மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் விஸ்டாவை வைத்து 2009-ல் வெளியான ஆய்வு, பல இடங்களில் இருந்தவர்கள் எழுதிய பகுதிகளுக்கும் ஒரே இடத்தில் எழுதப்பட்டவற்றுக்கும் வெளியீட்டுக்குப் பின் வந்த பழுதுகளில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலும் 1991 முதல் உலகம் முழுக்கச் சிதறியிருப்பவர்களால்தான் வளர்கிறது. அங்கே ஒவ்வொரு உட்பகுதிக்கும் பராமரிப்பாளர் என்று பெயர் சொல்லக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்கள் விதி உடைந்த இடமும் உண்டு. புதிதாகத் தள்ளுபடிப் பகுதி ஒன்று கட்ட வேண்டி வந்தது. கற்ற பாடத்தோடு, மூன்றாம் நாளே ஒப்பந்தம் எழுதி இரண்டு நாடுகளுக்குப் பிரித்துவிட்டோம். அடுத்த இரண்டு மாதத்தில் அந்த ஒப்பந்தம் 10 முறைக்கு மேல் மாறியது. என்ன கட்டுகிறோம் என்பதே எங்களுக்கு அப்போது தெளிவாகத் தெரியாது, தெரியாததைக் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. கடைசியில் நடுக் குழுவிலிருந்து இரண்டு பேர் ஆறு வாரம் எங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு வாரத்தில் அவர்களும் நாங்களும் எழுதியதில் பாதியைத் தூக்கிப் போட்டோம். வடிவம் பிடிபட்ட பிறகுதான் பிரித்தோம். திரும்பிப் போன இருவரும் பிறகு என் குழுவினரோடு பேசிய தொனியே வேறாக இருந்தது. ஒருவருக்கு ஒருவர் முகம் தெரிந்துவிட்டால் 'ஏன் இப்படிச் செய்தீர்கள்?' என்ற வாக்கியம் குற்றச்சாட்டாகக் கேட்பதில்லை.

அண்மையில் நான்காவதாக ஒரு குழு சேர்ந்தது. டெஸ்ட் வேலையை அவர்களுக்கு மாற்றிவிடலாம் என்றுதான் மேலே இருந்து முதல் யோசனை வந்தது. பழைய 'முடியும் நாள்' டிக்கெட்டின் உரையாடலை அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். 9 நாளையும் வரிசையாகப் படித்துக் காட்டினேன். பிறகு மறுபடியும் டிக்கெட்டுகளைப் படித்து, பலகையில் கோடு போட்டோம். அறிக்கைகள் பகுதியைச் சுற்றிக் கோடு மிகக் குறைவாக இருந்தது. அது முழுதாக அவர்களுக்குப் போகிறது, டேபிள்களோடும் முடிவெடுக்கும் அதிகாரத்தோடும். அந்தக் குழுவிலிருந்து மூன்று பேர் அடுத்த மாதம் இங்கே வருகிறார்கள், ஐந்து வாரம். 'தொட உரிமை இல்ல' என்று சொன்ன அதே டெஸ்டர்தான் அவர்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுக்கப்போகிறார். சந்தாப் பகுதியில் என்ன வேண்டும் என்று முடிவெடுப்பவர் இப்போது அவர்தான்.